ஊரடங்குக் காது

"பறவைகள் திரும்பி வந்துவிட்டன" என்று 2020 சித்திரை மாதத்தில் முகப்புத்தகத்தில் எழுதாத ஆட்கள் குறைவு. மனிதன் உள்ளே போனான், இயற்கை வெளியே வந்தது என்ற மாதிரி. வெனிஸ் வாய்க்காலில் டொல்பின் நீந்துகிறது என்று ஒரு காணொளி வந்து, கனடாவில் இருக்கும் அண்ணாவிலிருந்து எங்கள் வாசிகசாலைக் குழு வரைக்கும் ஒரே நாளில் ஒரு சுற்றுச் சுற்றியது. அது வெனிஸே இல்லை, சார்டினியாத் தீவின் துறைமுகத்தில் எடுத்தது என்று தெரியவந்தபோது அந்தச் செய்தியை யாரும் பகிரவில்லை. சரி, டொல்பினை விடுவோம். என்னைப் போட்டு அரித்தது குருவிகளைப் பற்றிய அந்த வசனம்தான். திரும்பி வருவதற்கு அவை எங்கே போயிருந்தன? எங்கள் வளவு மாமரத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து புலுனி இருக்கிறது. வேப்பமரத்துக் காகத்துக்கு எங்கள் குடும்ப வரலாறே தெரிந்திருக்கும். போனதும் இல்லை, வந்ததும் இல்லை. இதை ஒரு பின்னூட்டமாகப் போட்டுவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் அந்த விஷயம் அதோடு அடங்கவில்லை.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. இரண்டு மூன்று நாள் என்றார்கள், பிறகு நீண்டது. யாழ்ப்பாணம் அபாயப் பட்டியலில் இருந்ததால் எங்களுக்கு இன்னும் இழுபட்டது. நான் பள்ளிக்கூட ஆசிரியன். பாடக் குறிப்புகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் அன்றைய உத்தியோகம் முடிந்துவிடும். வீடு கோப்பாயில். முன்பக்கம் ஒழுங்கை, பின்பக்கம் கிணற்றடி, அதைத் தாண்டினால் வயல், வயலுக்கு அப்பால் வெறும் புல்தரையாகத் தரவை, அதற்கும் அப்பால் உப்பாற்றுக் கடலேரி. மாமரம் இரண்டு, ஒரு பலா, முருங்கை, கிணற்றடியில் வாழை, மதிலோரம் செவ்வரத்தை. முன்பு கிளுவைக் கதியாலும் பூவரசுமாக இருந்த வேலியைப் பிரித்து மதில் கட்டியது நாங்கள்தான். அண்ணா அனுப்பிய காசு. வேலி இருந்திருந்தால் இன்னும் நாலு குருவி கூடு வைத்திருக்கும் என்று இப்போது சொல்வது சுகம். கறையானும் கிடுகு விலையும் தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

விடியப்புறம் நாலரைக்கு முதல் குரல் கரிக்குருவியுடையது. நல்ல இருட்டிலேயே தொடங்கிவிடும், தொண்டை கட்டினவர் விசிலடிப்பது மாதிரி. இலங்கையில் இந்தக் குருவி வடக்கிலும் அதையொட்டிய கரையோரத்திலும்தான் தாராளம். கொழும்பில் வளர்ந்த என் மனைவிக்கு அது புதுக்குரல். பிறகு குயில். அப்புறம் கறுப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கிக்கொண்டு முருங்கைக் கொப்பில் நின்று பாடுகிற குருவி. எங்கள் வளவில் பாட்டு என்று சொல்லத் தகுந்தது அதனுடையதுதான், குயிலுக்குக் கிடைக்கிற பேர் அதற்குக் கிடைப்பதில்லை. காகம் எழும்பினால் மற்றவர்களுடைய கச்சேரி முடிந்தது. ஏழு மணிக்குப் புலுனிக் கூட்டம் மாமரத்துக்கு அடியில் சருகைப் புரட்டத் தொடங்கும். சாம்பல் நிறம், வெளுத்த கண், பார்த்தால் எப்போதும் யாருடனோ கோபம் போல. பத்து மணிக்கு வெயில் ஏற எல்லாம் அடங்கி, செண்பகம் மட்டும் எங்கேயோ அடிவயிற்றிலிருந்து ஊப் ஊப் என்று விட்டுக்கொண்டிருக்கும்.

இந்த நேர அட்டவணையை நான் ஊரடங்கில் கண்டுபிடித்ததாக நினைத்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அம்மா அதைப் பார்த்துச் சிரித்தா. அம்மாவுக்கு அப்போது அறுபத்தைந்து கடந்துவிட்டது. கண்ணில் வெண்படலம், சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்த இடத்தில் கொரோனாவால் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஆனால் காது. ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவ, கையை நிறுத்தாமலே சொன்னா: "தம்பி, கிணத்தடியில பாம்பு. புள்ளையை அங்கால விடாத." போய்ப் பார்த்தால் வாழையடியில் ஒரு சாரை. அதைச் சுற்றி ஏழெட்டுப் புலுனி, செட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கீச்சிட்டபடி. "பூனையெண்டால் இப்பிடிக் கத்தாது. பூனைக்கு மேல ஏறி நிண்டு ஏசும். பாம்பெண்டால்தான் கிட்டப் போய் நிண்டு கத்தும்." எனக்கு இரண்டும் ஒரே சத்தம். பிறகு காதைக் கொடுத்துக் கேட்கக் கேட்கத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது.

வந்தவையும் போனவையும்

ஊரடங்கில் பறவைகள் கூடச் சத்தம் போட்டன என்பதும் எல்லோரும் சொன்னதுதான். உண்மையில் நடந்தது நேர்மாறாக இருக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் எலிசபெத் டெரிபெரி என்ற ஆய்வாளரின் குழு தலையில் வெள்ளைக் கோடுள்ள ஒரு சிட்டினத்தின் பாட்டைப் பல வருடங்களாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. 2020 வசந்தத்தில் நகரத்து வாகன இரைச்சல் 1950களின் அளவுக்கு விழுந்தபோது, அந்தக் குருவிகள் குரலைத் தாழ்த்தின. மெல்லிய குரலில் பாடின, ஆனால் பாட்டின் நுணுக்கம் கூடியது, குரல் முந்தியதைவிட இரண்டு மடங்கு தூரம் போய்ச் சேர்ந்தது. அந்த வருடமே 'சயன்ஸ்' சஞ்சிகையில் கட்டுரையாக வந்தது. கத்திப் பேச வேண்டிய தேவை இல்லாமல் போனதும் அவை சாதாரணமாகப் பேசத் தொடங்கின, அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையில் பாண் விற்று வரும் சூன்பாண் ஓட்டோவின் அந்த மணிப்பாட்டும், மோட்டார் சைக்கிள்களும், பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியும் நின்றுபோன அந்தக் கிழமைகளில் கரிக்குருவி என்ன செய்தது என்று யாரும் அளக்கவில்லை. இங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று என் ஊகம்.

அதைவிட, "திரும்பி வந்துவிட்டன" என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில் பறவைகள் போய்க்கொண்டிருந்தன. ஊரடங்கு தொடங்கிய கிழமையில் பின்னேரம் ஆறு மணிக்கு எங்கள் பலாமரத்துப் பக்கம் இரண்டு சுருதியில் ஒரு விசில் கேட்கும். ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கட்டை. சருகுக்குள் நடந்து திரியும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, புரட்டாதி ஐப்பசியில் பாக்குநீரிணையைக் கடந்து இங்கே வந்து, பங்குனி சித்திரையில் திரும்பிப் போகிற குருவி. இந்தக் கையளவு உடம்புக்கு அந்தக் கடல் பெரிய விஷயம். வந்து இறங்கும் காலத்தில் களைத்து வீட்டுச் சுவரில் மோதி விழுந்ததை ஊரில் பலர் எடுத்துத் தண்ணீர் பருக்கியிருக்கிறார்கள். புதுவருடம் முடிந்த கையோடு அந்த விசில் நின்றுவிட்டது. கம்பியில் வரிசையாக இருந்து தேனீ பிடித்த நீலவால் பச்சைக் குருவிகளையும் காணவில்லை. விமான நிலையம் பூட்டு, பாக்குநீரிணையில் படகுக்குத் தடை, எல்லோரும் 'வந்துவிட்டன' என்கிறார்கள். அவை தங்கள் பாட்டுக்கு வேதாரணியப் பக்கம் போய்விட்டன.

வந்ததும் ஒன்று உண்டு. அது காகம். சந்தை பூட்டு, சாப்பாட்டுக்கடை பூட்டு, கல்யாண மண்டபம் பூட்டு. மீன் வெட்டும் இடத்திலும் எச்சில் இலையிலும் வயிறு வளர்த்த காகங்கள் என்ன செய்யும்? எங்கள் குசினி யன்னலில் வந்து நிற்கத் தொடங்கின. சனிக்கிழமைச் சோற்றுக்கு வழக்கமாக வருகிறவை போக, முகம் தெரியாத கூட்டம் ஒன்று. கொய்யாப் பிஞ்சைக் கூட விடவில்லை. கொண்டைக்குருவியின் கூட்டிலிருந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போனதை நானும் மகளும் பார்த்தோம். ஊரடங்கு பறவைகளுக்கு விடுமுறை என்று எழுதியவர்கள் அந்தக் காட்சியையும் படம் பிடித்துப் போட்டிருக்கலாம். பசித்தவை வந்தன, வசதியானவை புறப்பட்டன, மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன. எங்கள் ஊர்க் கதை மாதிரித்தான்.

இருந்த இடத்திலேயே இருந்தவைகளில் மரங்கொத்தியைச் சொல்லாமல் போக முடியாது. யாழ்ப்பாணத்து மரங்கொத்திக்கு முதுகு பொன் மஞ்சள். தெற்கே போனால் அதே அளவு, அதே கொண்டை, ஆனால் முதுகு இரத்தச் சிவப்பு. அது வேறு இனம், இலங்கைக்கே உரியது. எங்களுடையது இந்தியாவின் பொன்முதுகு மரங்கொத்தியின் கிளை. அதன் அறிவியற் பெயரின் கடைசிச் சொல் ஜஃப்னென்ஸ், யாழ்ப்பாணத்துக்குரியது என்று பொருள். மன்னாருக்கும் திருகோணமலைக்கும் நடுவே உள்ள காடுகளில் இரண்டும் கலந்து, செம்மஞ்சள் முதுகோடு பிள்ளை பெற்றுத் திரிகின்றன. இதில் ஒரு அரசியல் கட்டுரை இருக்கிறது என்று எனக்கும் தெரியும். அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள்.

ரொறன்ரோவுக்குப் போன குயில்

அண்ணா 1990களின் நடுப்பகுதியில் போனவர். ரொறன்ரோவில் அப்போது அவர்களுக்கும் அடைப்பு. தொழிற்சாலை வேலை இல்லை, தொடர்மாடிக் குடியிருப்பின் பன்னிரண்டாம் மாடி. எங்களுக்கு விடிய அவருக்குப் பின்னேரம். ஒருநாள் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "பொறு, பொறு, அது குயிலோ? கதையாத. போனைக் கொண்டுபோய் வெளியில வை" என்றார். மாமரத்துக் கொப்பில் போனைச் செருகிவிட்டு நான் பல் தீட்டப் போய்விட்டேன். வந்து பார்த்தால் இணைப்பு துண்டிக்கப்படவில்லை. அவரும் ஒன்றும் பேசவில்லை. அதன்பிறகு அது பழக்கமாகிவிட்டது. மாம்பழக்குருவி அனுப்பு, மைனா அனுப்பு, பின்னேரத்துக் கிளிக்கூட்டம் போகிற சத்தம் அனுப்பு என்று பட்டியல் வரும்.

குயிலைப் பற்றி அம்மாவின் அபிப்பிராயம் வேறு. "கூவுறது அவர். முட்டையைக் காகத்தின்ர கூட்டில போடுறது அவ. வளக்கிறது காகம். பேர் குயிலுக்கு, கல்லெறி காகத்துக்கு." அதில் பிழை சொல்ல ஏதும் இல்லை. கூவுவது ஆண்தான், கறுப்பு உடம்பும் சிவந்த கண்ணுமாக. பெண் புள்ளி போட்ட மண்நிறம், அதன் குரல் கிக்-கிக்-கிக் என்று பதறுகிற ஒரு சத்தம். அதைக் குயில் என்று பலர் நம்பவே மாட்டார்கள். ஆண் போய்க் காகங்களை வம்புக்கு இழுத்துக் கலைத்துக்கொண்டு போகும் இடைவெளியில் பெண் கூட்டுக்குள் புகுந்து வெளியே வரும். அந்த ஆனியில் எங்கள் கறுத்தக் கொழும்பான் மாமரத்தில், தன்னளவுக்கு வளர்ந்த ஒரு குயில் குஞ்சுக்குக் காகம் ஒன்று பாணை நனைத்து நனைத்து ஊட்டியதை மகளுக்குக் காட்டினேன். "அதுக்குத் தெரியாதோ அப்பா?" என்று கேட்டாள். தெரிந்தாலும் என்ன செய்யும், வாயைத் திறந்துகொண்டு நிற்கிறதே.

லைற்றை நூர்

நான் சொல்ல வந்தது இனித்தான்.

மே மாதம், சோளகக் காற்று இன்னும் எழும்பாத ஒரு இரவு. புழுக்கத்தில் ஒரு இலை ஆடவில்லை. ஊரடங்கு இருந்தது, பகலில் சந்தியில் சீருடையோடு நிற்பவர்களைத் தாண்டித்தான் மருந்துக்கடைக்குப் போக வேண்டும். பத்து மணி இருக்கும், நான் விறாந்தையில் அப்பாவின் சாய்மனைக் கதிரையில். வயல் பக்கம் தரவையோரமாக ஆட்காட்டிக் குருவி ஒன்று கத்தத் தொடங்கியது. கேட்டவர்களுக்குத் தெரியும், அமைதியாகக் கேட்டு ரசிக்கிற குரல் இல்லை அது. இருட்டில் யாரோ ஒருவர் நடுங்கிக்கொண்டு யாரையோ கூப்பிடுகிற மாதிரி. அண்ணா "ராச் சத்தம் ஏதும் இருந்தால் அனுப்பு" என்று கேட்டிருந்தார். போனை எடுத்து ஒலிப்பதிவை அழுத்தினேன்.

உள்ளே குசினி லைற் அணைந்தது. பிறகு ஹோல் லைற். அம்மா வாசற்படியில் வந்து நின்று, "தம்பி, லைற்றை நூர்" என்றா. சத்தமாக இல்லை. அந்தத் தொனியை நான் முப்பது வருடமாகக் கேட்டிருக்கவில்லை. ஆனால் உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று கேட்காமல் எழும்பி விறாந்தை லைற்றை நூர்த்தேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொஞ்சம் சரித்துக் கேட்டுக்கொண்டு நின்றா. கத்தல் கொஞ்சம் இடம் மாறியது. முதலாவது அடங்க, வாய்க்கால் கரைப் பக்கம் இரண்டாவது ஒன்று எடுத்தது. "ஒண்டு தரவையில கத்தினது. இப்ப மற்றது வாய்க்காலடியில. கிழக்காலதான் வருகினம்" என்றா. யார் என்று நான் கேட்கவில்லை. ஒழுங்கை நாய் இரண்டு தரம் குரைத்தது. பிறகு எல்லாம் ஓய்ந்தது. தவறணை பூட்டியிருந்த காலம். களவாகக் கள்ளுக்குப் போய் வந்த யாரோ வயல் வரம்பால் நடந்திருப்பார்கள், அல்லது வெறும் நாய். அம்மா அப்படியே படியில் இருந்தா. நெடுநேரம் கழித்து, "லைற்றைப் போடு, என்ன இருட்டுக்க இருக்கிறாய்" என்று என்னை ஏசினா.

1987 ஒக்டோபர் ஊரடங்கின்போது எனக்கு நாலு வயது. பங்கரின் ஈரமண் நாற்றமும், மேலே அடுக்கிய பனங்குற்றியில் கை உரஞ்சியதும் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்க நாலாபக்கமும் இருந்து நகர்ந்த நாட்கள். கோப்பாயிலும் சண்டை. கரண்ட் இல்லை, றேடியோவுக்குப் பற்றரி இல்லை. வெளியே எட்டிப் பார்க்க முடியாது. அப்படியென்றால் வெளியே என்ன நடக்கிறது என்று எதை வைத்து அறிவது? அன்று இரவு, லைற் வெளிச்சத்தில், அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தா, மற்றவர்கள் சமையல் சொல்வதைப் போல ஒழுங்காக. ஆட்காட்டி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கத்தினால் அது நாய் அல்லது கீரி, கூட்டுக்குக் கிட்டப் போயிருக்கிறது. ஒன்று கத்தி விட, அடுத்தது எடுத்து, அதற்கடுத்தது எடுத்து என்று கத்தல் நேர்கோட்டில் வந்தால், ஆட்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள். பகலில் புலுனி. வடலிக்குள் புலுனி பேசாமல் இருந்தால் அங்கே யாரோ அசையாமல் இருக்கிறார்கள். காகம் கீழே இறங்கித் தீனி பொறுக்கத் தொடங்கினால் பிள்ளைகளை வெளிக்கு விடலாம். "உனக்கு வயித்துக்குத்து. வெளியில கொண்டுபோக வேணும். காகம் இறங்குமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றா.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்க, எங்கள் ஊரும் யாழ் நகரும் அடங்கிய வலிகாமம் முழுக்கக் கிளம்பி மழைக்குள் கோப்பாய் - கைதடிப் பாலத்தாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்த இரவில் எந்தக் குருவியும் கேட்கவில்லை என்றும் சொன்னா. அவ்வளவு சனத்தின் கால் சத்தம். அடுத்த வருடம் சித்திரையில் திரும்பி வந்து படலையைத் திறந்தபோது வளவு காடு. கிணற்றுக்கட்டில் மயில் நின்றது என்று அவ சொல்ல, நான் அப்போது பன்னிரண்டு வயது, மயிலைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை என்றேன். "நீ வாழைக்குலையைத்தான் பாத்தனி" என்றா. மனிதர்கள் இல்லாத இடத்துக்குப் பறவைகள் வரும் என்பதை 2020இல் உலகம் ஆச்சரியத்தோடு எழுதிக்கொண்டிருந்தது. இராணுவம் பிடித்து வைத்திருந்த வலிகாமம் வடக்கில் இருபது, முப்பது வருடம் கழித்துத் தங்கள் காணிகளைப் பார்க்கப் போனவர்களிடம் அது பற்றிக் கேட்டிருந்தால் போதும். கூரை இல்லாத வீட்டுக்குள் அரசமரம் முளைத்து, அதில் குக்குறுவான் பழம் தின்றுகொண்டிருந்த அந்தக் காட்சியை யாரும் 'இயற்கை மீண்டது' என்ற தலைப்பில் பகிரவில்லை.

அதற்காக, ஊரடங்கில் குருவி பார்க்கத் தொடங்கியவர்களை நான் பழிக்கவில்லை. நானும் அவர்களில் ஒருவன். கொப்பி இன்னும் இருக்கிறது. ஆனால் காதால் ஊரைப் படிக்கிற கலை எங்களுக்கு ஓய்வு நேரத்தில் வந்தது இல்லை. என் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருவரிடம் பிறகு இதைச் சொன்னேன். தென்மராட்சிக்காரி. அவருடைய ஐயா ஆட்காட்டி கத்தினால் இன்றைக்கும் ரீவியின் சத்தத்தைக் குறைப்பாராம். இன்னொருவர் வீட்டில் செண்பகத்தின் ஊப் ஊப் என்ற சத்தம் கேட்டால் பாட்டி ஹெலிகொப்டர் என்று எழும்பிவிடுவாவாம். சாக்குருவி கத்தினால் சாவு என்ற பழைய நம்பிக்கையைப் படித்தவர்கள் சிரித்து ஒதுக்கிவிடலாம். இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. இது கண்டு, கேட்டு, சரிபார்த்து வந்த அறிவு. பறவையியலாளர்கள் செய்வதும் அதைத்தான். வித்தியாசம், அவர்கள் பிழை விட்டால் பட்டியலில் ஒரு பெயர் மாறும்.

அந்த இரவுப் பதிவை அண்ணாவுக்கு அனுப்பினேன். ஆட்காட்டி, நாய், இடையில் அம்மாவின் "லைற்றை நூர்" எல்லாம் அதில் இருந்தது. நீலச் சரி இரண்டும் விழுந்தது, பதில் இல்லை. குயிலுக்கும் மாம்பழக்குருவிக்கும் உடனே இதயம் போடுகிற மனிதர். அடுத்த நாளும் இல்லை. அதற்கும் அடுத்த நாள் ஒரு வரி வந்தது: "அம்மாட குரல் அப்பிடியே இருக்கு." பங்கருக்குள் இருந்தபோது அவருக்குப் பதினொரு வயது. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். நான் அதைப் பற்றி அவரிடம் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பட்டியல் அனுப்புவதை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தார். பிறகு ஒருநாள் கிளிக்கூட்டம் கேட்டு வந்தது.

முட்டை

2021 மே 21இல் மறுபடி நாடு முழுக்கப் பயணக் கட்டுப்பாடு. இந்த முறை ஊரடங்கு என்று சொல்லவில்லை, படலைக்கு உள்ளே இருப்பது மட்டும் அதேதான். மகளுக்கு ஒன்பது வயது, யூரியூப்பில் பறவைக் காணொளிகள் பார்த்துப் பார்த்து எனக்குப் பாடம் எடுக்கிற நிலைக்கு வந்திருந்தாள். வயல் தரிசாகக் கிடந்தது. ஆட்காட்டிகள் பகலிலும் கத்தின, இரவிலும் கத்தின. ஒரு பின்னேரம் அம்மா கிணற்றடியில் நின்று, "இதென்ன, வயலுக்க ஆரோ திரியினம் போல" என்றா.

"இல்லை அப்பம்மா, அது முட்டை இட்டிருக்கு. அதுதான் கத்துது."

"ஆள் போனால்தான் கத்தும்."

"ஆள் போனால் முட்டையை மிதிச்சிடும் எண்டுதான் கத்துது!"

இருவரும் சொன்னது சரி. ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் கொஞ்சம் கல்லையும் கட்டி மண்ணையும் ஒதுக்கிவிட்டு, மூன்று நாலு முட்டையை அப்படியே வைக்கும். மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி, ஒரு சாண் தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு இருக்கும் ஒரே காவல் அந்தக் கத்தல்தான். யாரும் கிட்ட வந்தால் எழும்பித் தலைக்கு மேலே சுற்றும், கவனத்தை வேறு பக்கம் இழுக்கும். வரம்பில் நின்றே நான் அவர்களுக்குக் காட்ட முயன்றேன். மகள்தான் முதலில் கண்டாள். அம்மாவுக்குக் கண்ணில் தெரியவில்லை. சத்திரசிகிச்சை இன்னும் ஆகவில்லை. "நாலு அப்பம்மா, கூர்ப்பக்கம் எல்லாம் உள்ளுக்க பாத்தபடி" என்று மகள் சொல்ல, அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பறவை எங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே இருந்தது. "நாலோ," என்றா பிறகு. "அவ்வளவு நாளும் இதுக்குத்தானோ கத்தினது?"

அதற்கு அடுத்த கிழமை மழை பெய்தது. கோடை உழவுக்கு டிராக்டர் வந்தது. வயல்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு, அனுமதி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முகக்கவசத்துக்கு மேல் சுற்றிக்கொண்டு வரம்புக்குப் போய், கையைக் காட்டி டிராக்டரை மறித்தா. டிராக்டர்ப் பெடியன் இயந்திரத்தை நிறுத்தாமல் என்னம்மா என்று கத்த, இவவும் கத்த, மேலே இரண்டு ஆட்காட்டியும் கத்த, ஒழுங்கையில் இருந்தவர்கள் எல்லாம் சண்டை என்று நினைத்துப் படலைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் மகள் ஓடிப்போய் நாலு கதியால் தடியை ஊன்றி, என் பழைய சாரத்தைக் கிழித்து ஒரு துண்டு கட்டிவிட்டாள். அந்தப் பாய் அகலத் துண்டை விட்டுவிட்டு மற்ற இடத்தை உழுதார்கள். "விசர் கிழவி" என்று பெடியன் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.